எழுவான்கரையின் ஒற்றை வீதியும் காபன் கணக்கும்

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். ஒரு லீற்றர் டீசலுக்கு அது சுமார் 2.7 கிலோகிராம். எந்த இயந்திரத்தில் எரிந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அந்த ஒரு லீற்றரில் எத்தனை பேர், எவ்வளவு தூரம் போனார்கள் என்பதுதான் மாறும். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019இல் உலகம் வெளியேற்றிய பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் போக்குவரத்திலிருந்து நேரடியாக வந்தது. அதில் பத்தில் ஏழு பங்கு வீதியில் ஓடும் வாகனங்களுடையது.

இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு தொன். உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல். அப்படியிருக்க மட்டக்களப்பு போன்ற ஒரு மாவட்டம் இதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. பதில் பூமியின் வெப்பநிலையோடு முடிந்துவிடுவதில்லை. இலங்கை எரிக்கும் பெற்றோலியம் முழுவதும் டொலர் கொடுத்து வாங்கப்படுகிறது. அந்த டொலர் இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதை 2022 காட்டியது. காபனைக் குறைக்கும் வழிகளும் ஒரு குடும்பத்தின் எரிபொருள் செலவைக் குறைக்கும் வழிகளும் இங்கே பெரும்பாலும் ஒன்றே. அவற்றுள் பல புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் அல்ல; நேற்றுவரை நடைமுறையில் இருந்து இப்போது கைநழுவிக்கொண்டிருப்பவை.

தன்னாமுனை இதை ஆராய ஏற்ற இடம். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே பத்து கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், மேற்கே வாவியும் கிழக்கே கடலும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்தில் இந்த ஊர் இருக்கிறது. நகரைத் திருகோணமலையோடு இணைக்கும் ஏ-15 வீதி இதனூடாகச் செல்கிறது. சத்துருக்கொண்டான், பிள்ளையாரடி, தன்னாமுனை, மைலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை என்று ஊர்கள் ஒரே நூலில் கோத்த மணிகள்போல் இந்த வீதியில் வரிசையாக அமைந்திருக்கின்றன. தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை வரையிலும் இதே அமைப்புத்தான். பள்ளிக்கூடம், பெரியாஸ்பத்திரி, கச்சேரி, சந்தை, கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்தக் கோட்டின்மேல் அல்லது அதற்கு மிக அருகில் உள்ளன. பொதுப் போக்குவரத்தைத் திட்டமிடுகிறவர்கள் பல நாடுகளில் நகரங்களை இப்படி ஒரு கோட்டில் வளர்க்கப் பெரும்பாடு படுகிறார்கள். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு இயற்கையே அந்த அமைப்பைக் கொடுத்திருக்கிறது. நாளின் பயணங்களில் பெரும்பகுதி வடக்கு அல்லது தெற்கு என்ற இரண்டு திசைகளில் அடங்கிவிடுகிறது.

இந்த வீதியில் ஓடும் வாகனங்களை ஒப்பிட்டால் ஒன்றிரண்டு ஆச்சரியங்கள் கிடைக்கும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 50 கிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. லீற்றருக்கு 25 ஓடும் முச்சக்கரவண்டிக்கு அது 90 கிராமை ஒட்டிவரும். ஆளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி வருவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். 12 ஓடும் காருக்கு 190 கிராம். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் டீசல் பஸ் கிலோமீற்றருக்கு 675 கிராம் வெளியேற்றுகிறது. அதில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 14 கிராம், இருபத்தைந்து பேர் என்றால் 27. பத்துப் பேரோடு உருண்டு போகும் பஸ்ஸில் ஆளுக்கு 67 கிராம் ஆகிவிடுகிறது. தனியாக மோட்டார் சைக்கிளில் போகிறவரையும் அது மிஞ்சுகிறது. கணவன், மனைவி, பிள்ளை என மூவர் ஏறிப்போகும் மோட்டார் சைக்கிளோ நிரம்பிய பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆகவே பஸ் என்றாலே நல்லது, மோட்டார் சைக்கிள் என்றாலே கெட்டது என்ற பாடநூல் வாய்பாடு இங்கே அப்படியே பொருந்தாது. பஸ் நிரம்ப வேண்டும். அது நிரம்ப வேண்டுமானால் எப்போது வரும் என்று பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கரையில் மக்கள் பஸ்ஸையும் சைக்கிளையும் விட்டு விலகியது ஒரே நாளில் நடந்ததல்ல. 1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கையின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1979இல், தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதன்பின் போர். சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் பயண நேரத்தைத் தீர்மானித்த ஆண்டுகளில் மட்டக்களப்பின் உண்மையான பொதுப் போக்குவரத்து துவிச்சக்கரவண்டிதான். பலகாலம் பொலனறுவைப் பக்கத்தோடு நின்றுபோன புகையிரதம் போர்நிறுத்த காலத்தில், 2003இல்தான் மட்டக்களப்புக்குத் திரும்பியது. போர் முடிந்த 2009க்குப் பிறகு வீதிகள் செப்பனிடப்பட்டன, பாலங்கள் வந்தன. கூடவே லீசிங் நிறுவனங்களும் வந்தன. மாதத் தவணையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் எட்டும் தூரத்துக்கு வந்ததும் சைக்கிள் முற்றத்து மூலைக்குப் போயிற்று. நாடு முழுவதிலும் இதே போக்குத்தான்: 2021 இறுதியில் பதிவாகியிருந்த ஏறத்தாழ 83 இலட்சம் வாகனங்களில் 48 இலட்சம் அளவு மோட்டார் சைக்கிள்கள், 12 இலட்சத்தை ஒட்டி முச்சக்கரவண்டிகள். இதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மணித்தியாலம் வெயிலில் பஸ்ஸுக்காக நின்று, வந்த பஸ்ஸில் இடமில்லாமல் மீண்டும் நின்ற பெண் ஸ்கூட்டி வாங்கியதில் தவறு எதுவுமில்லை. தவறு நேரசூசியில் இருக்கிறது.

பிறகு 2022 வந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருள் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டன. ஜூன் 26 அன்று 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றர் 470 ரூபாவானது. மறுநாளே அத்தியாவசியச் சேவைகள் தவிர்ந்த மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை இரண்டு வாரங்களுக்கு நிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. ஜூலையில் கியூ.ஆர். அட்டையுடன் கூடிய தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமானபோது ஆரம்ப ஒதுக்கீடு வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும்தான். முற்றத்து மூலையிலிருந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. புதுச் சைக்கிளின் விலை பழைய மோட்டார் சைக்கிளின் விலையை எட்டிப் பார்த்தது. சைக்கிள் திருத்தும் கடைகளில் கூட்டம் நின்றது. காபனை மட்டும் எண்ணுகிறவருக்கு அந்த மாதங்கள் வெற்றியாகத் தோன்றலாம்.

ஆனால் அது குறைப்பு உத்தி அல்ல, முடக்கம். பாடசாலைகள் மூடப்பட்டன. அரச அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே தாவலாகப் போனபோது கடற்றொழிலாளர் பலருக்குக் கடலுக்குப் போவதே நட்டமாயிற்று. டீசல் இல்லாத பஸ்கள் தரித்து நின்றன. மக்களுக்கு அவை மிகவும் தேவைப்பட்ட வேளையில்தான் மிகக் குறைவாக ஓடின. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை கைவிடப்பட்டது. அதற்கு முன்பே வீதி பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த ஓராண்டில் சைக்கிளுக்கென ஒரு ஓரப்பாதை வரையப்பட்டிருந்தால், பஸ்களுக்கு எரிபொருளில் முதலிடம் உறுதிசெய்யப்பட்டிருந்தால், கட்டாயத்தால் வந்த பழக்கத்தில் ஒரு பங்காவது விருப்பமாக மாறியிருக்கும். நெருக்கடி கடந்துபோனது, அதோடு அந்த வாய்ப்பும் போனது.

போக்குவரத்து அறிஞர்கள் குறைப்பு வழிகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: தேவையற்ற பயணத்தைத் தவிர்த்தல், குறைந்த காபன் செலவாகும் ஊர்திக்கு மாறுதல், ஓடும் ஊர்தியை மேம்படுத்தல். பேச்சு பெரும்பாலும் மூன்றாவதிலேயே, அதாவது மின்சார வாகனத்திலேயே சுழல்கிறது. எழுவான்கரையில் அதிகப் பயன் கிடைக்கக்கூடியது இரண்டாவதில்.

அதில் முதலிடம் பஸ்ஸுக்கு. ஏ-15இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களும் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. குறை எண்ணிக்கையில் இருப்பதைவிட ஒழுங்கில் இருக்கிறது. இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். பிறகு நெடுநேரம் ஒன்றுமே வராது. நகரத் தரிப்பிடத்தில் ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டு நிற்கும் பஸ், வழியில் இழந்த நேரத்தைப் பிடிக்கப் பறக்கும். இரண்டுமே டீசலைத் தின்னும். சபைக்கும் தனியாருக்கும் பொதுவான ஒரே நேரசூசி வகுத்து, காலையிலும் மாலையிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், மற்ற வேளைகளில் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று ஓட்டினால் ஒரு பஸ்கூடப் புதிதாக வாங்காமலே நிலைமை பெரிதும் மாறும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் வழித்தட அனுமதி கிழக்கு மாகாண நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுபவை தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பு. சபை பஸ்கள் மத்திய அமைச்சின் கீழ். ஒரே வீதியில் ஓடும் மூன்று பஸ்களுக்கு மூன்று எசமானர்கள். நேரசூசி கூடிவராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கட்டணமும் ஆளை ஈர்க்கும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காபனை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த திட்டம் அல்ல அது; பெண்களின் வேலைக்கும் வருமானத்துக்குமாக வந்தது. ஆனால் ஆட்கள் நிறைந்து ஓடும் பஸ்ஸின் தலைக்கணக்கு முன்னே பார்த்ததுதான். இலங்கையின் கருவூலம் இன்று அந்த அளவு தாங்காது. மாணவர் பருவச்சீட்டையும் 2005இல் தொடங்கிய ‘சிசு சரிய’ பாடசாலை பஸ் சேவையையும் ஒழுங்காக நடத்துவதாவது முடியக்கூடிய காரியம். காலையில் ஒரு பிள்ளைக்காக ஒரு முச்சக்கரவண்டி ஓடுவது அதனால் குறையும்.

பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். கொழும்பிலிருந்து மாகோ, கல்ஓயா, பொலனறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாகச் சுமார் 350 கிலோமீற்றர். ‘உதயதேவி’யும் ‘மீனகயா’வும் கொழும்புப் பயணத்துக்கானவை. வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருபவர்களுக்கு இந்தத் தண்டவாளம் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கிறது. நாளின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும் ஒற்றைத் தடத்தில், காலையில் இரண்டும் மாலையில் இரண்டுமாகச் சிறு ரயில்பஸ் ஒன்றை விட்டு, தன்னாமுனை போன்ற இடங்களுக்கு அருகில் எளிய தரிப்பிடங்கள் அமைப்பது பெருமுதலீடு கேட்கும் வேலை அல்ல. கொழும்பில் ஜப்பான் உதவியோடு திட்டமிட்ட இலகு ரயில் 2020இல் கைவிடப்பட்டது. அதற்குத் திட்டமிட்ட தொகையின் மிகச் சிறு துண்டு இதற்குப் போதும்.

நீண்ட தூரப் புகையிரதத்தில் சிக்கல் வேறு. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட மீனகயா ஹபரணைப் பகுதியில் யானைக்கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன, பெட்டிகள் தடம்புரண்டன. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் மின்னேரியாப் பகுதியில் மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றிவந்த புகையிரதமும் யானைகளில் மோதியது. யானைப் பாதைகளில் வேகத்தைக் குறைப்பது தவிர்க்க முடியாதது. வேகம் குறைந்தால் பயணி இரவுச் சொகுசு பஸ்ஸுக்குப் போவான் என்பதும் உண்மை. யானையும் பிழைத்துப் பயணியும் தங்க வேண்டுமானால் நேரத்தை மாற்றியமைப்பது, யானை நடமாட்டத்தை முன்கூட்டி அறியும் கருவிகளைப் பொருத்துவது, தண்டவாளத்தின் கீழே வழிகள் அமைப்பது என்று செலவு செய்தே ஆக வேண்டும்.

இனி வாவி. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிதான் மோட்டார் வீதிகளுக்கு முன் இந்தப் பகுதியின் பெருவழி. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் நெல்லும் விறகும் தோணியில் வந்தன. வாவியைக் கடக்கும் மிதவையை இங்குள்ளவர்கள் ‘பாதை’ என்றே சொல்வார்கள். மண்முனைத் துறையில் ஓடிய பாதை 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியில் கட்டிய பாலம் திறந்ததும் ஓய்ந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் முன்பு வலையிறவு அல்லது பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றிவந்த தூரம் சுருங்கியது. தூரம் குறைந்தால் எரிபொருள் குறையும் என்பது ஒரு பக்கம். துறையில் காத்திருந்து நடந்தும் சைக்கிளிலும் கடந்தவர்கள் இப்போது மோட்டார் சைக்கிளில் விரைகிறார்கள் என்பது மறுபக்கம். பாலம் வந்தது நன்மையே. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நேரத்தைக் காபனால் அளக்க முடியாது. ஆனால் பாலத்தின்மேல் பஸ் ஓடாவிட்டால் காபன் ஆதாயம் கரைந்துவிடும்.

குருமண்வெளி–மண்டூர், அம்பிளாந்துறை–குருக்கள்மடம் போன்ற துறைகளில் பாதைகள் தொடர்ந்து தேவைப்படுகின்றன. இங்கேதான் மின்சாரத்தை முதலில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லலாம். குறுகிய, மாறாத தூரம், அலையற்ற நீர், ஆண்டின் பெரும்பகுதி கொட்டும் வெயில். கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியைக் கடக்கும் வைக்கம்–தவணக்கடவு துறையில் ‘ஆதித்யா’ என்ற 75 பேர் அமரும் சூரியசக்திப் படகு 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. கூரையில் பதித்த தகடுகள் பற்றரியை நிரப்ப, டீசல் படகுகள் ஓடிய அதே வழியில் நாள் முழுதும் அது போய்வருகிறது. வேம்பநாட்டுக்குப் பொருந்தியது மட்டக்களப்பு வாவிக்குப் பொருந்தாமற்போக இயற்கைக் காரணம் எதுவுமில்லை. இயந்திரத்தின் எண்ணெய்க் கசிவு நின்றால் இறாலுக்கும் நண்டுக்கும் நல்லது என்பது உபரி.

சைக்கிளுக்கு வரலாம். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லாத நிலம். இரண்டு மூன்று கிலோமீற்றரில் முடியும் கடை, கோயில், ரியூசன் பயணங்களே வீட்டு மோட்டார் சைக்கிளை நாளெல்லாம் வெளியே இழுக்கின்றன. இவற்றைச் சைக்கிளுக்குத் திருப்பத் தடையாக நிற்பவை இரண்டு. ஒன்று பயம்: லொறிகளும் இரவு பஸ்களும் பறக்கும் ஏ-15இன் ஓரத்தில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பத் தாய்க்கு மனம் வராது. மற்றது வெயில், அதிலும் ஆனி ஆடியில் வீசும் கச்சான் காற்று. வீதி ஓரமாகப் பிரித்துவிட்ட ஒரு தடமும், வாகையோ வேம்போ தொடர்ச்சியாக நிழல் தரும் வரிசையும் இரண்டுக்கும் மருந்து. கல்லடியில் 1924இல் கட்டிய லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தபின், பழைய பாலம் நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் எவ்வளவு ஆசுவாசம் தருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்குப் பிரித்த தடத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி மூன்றாவது வழியான மேம்படுத்தல். மின்சார மோட்டார் சைக்கிள் நூறு கிலோமீற்றருக்குச் சுமார் மூன்று அலகு மின்சாரம் எடுக்கும். ஓர் அலகுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீற்றருக்கு 15 கிராம்தான். பெற்றோல் வண்டியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் ஓடும்வரை அது பூச்சியமாகாது. கூரைச் சூரியத் தகட்டில் பகலில் மின்னேற்றினால் கிட்டத்தட்டப் பூச்சியம். நாள் முழுதும் ஓடும் முச்சக்கரவண்டிக்கு இந்த ஆதாயம் இன்னும் பெரிது. ஓட்டுநரின் வருமானத்தில் பெற்றோல் தின்னும் பங்கும் பெரிது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. வரியில் சலுகை கொடுக்கும்போது கொழும்பின் மின்சாரக் காருக்கா, ஏறாவூரின் முச்சக்கரவண்டிக்கா என்ற தெரிவு வருகிறது. வரி வரலாறு இதில் நம்பிக்கை தருவதாக இல்லை. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 2019 ஜனவரியில் வந்த வாகனக் காபன் வரி, ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டது. ஆண்டுதோறும் வாகன அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையைச் சிலர் காலநிலை நடவடிக்கை என்று எண்ணுகிறார்கள். அது பெற்றோல் வண்டியில் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும், டீசல் வண்டியில் புகையின் கருமையையும் பார்க்கிறது. நுரையீரலுக்கு அது நல்லது. காபனீரொட்சைட்டுக்கு அது உச்சவரம்பு வைப்பதில்லை.

பயணிகளைப் பற்றியே பேசிச் சரக்கை மறப்பது வழக்கம். மாவட்டத்தின் நெல் லொறியில் பொலனறுவை ஆலைகளுக்குப் போகிறது, அரிசியாகி அதே வீதியில் திரும்பி வருகிறது. உமியின் எடையையும் சேர்த்து நூறு கிலோமீற்றர் சுமக்கும் இதைவிட வீண் பயணத்துக்குத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. செங்கலடிப் பக்கத்திலோ கிரானிலோ காயவைக்கும் வசதியுள்ள பெரிய ஆலைகள் வந்தால் இந்தப் போக்குவரவு அப்படியே இல்லாமற்போகும். ஆற்று மணலும் டிப்பர்களில் தலைநகரம்வரை போகிறது. அதே பாரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினால் லொறி எரிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். மட்டக்களப்புக்கான எரிபொருளே புகையிரதத்தில் வருகிறது. ஆனால் நாட்டின் சரக்கில் புகையிரதம் சுமப்பது மிகச் சிறு பங்கு. எண்ணெய் இறக்கிய தாங்கிகள் வெறுமையாகத் திரும்பும் தடத்தில் நெல்லுக்கும் அரிசிக்கும் வண்டிகள் கோப்பது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. ஏற்றியிறக்கும் மேடையும் நம்பத்தக்க நேரமும் இல்லாததே பிரச்சினை.

2021இல் இலங்கை ஐக்கிய நாடுகளுக்குக் கொடுத்த திருத்திய காலநிலை உறுதிமொழி, 2030க்குள் வெளியேற்றத்தை வழமைப் போக்கிலிருந்து 14.5 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. அதில் 4 சதவீதம் சொந்த முயற்சியில், மீதி வெளிநாட்டு உதவி கிடைத்தால். போக்குவரத்துத் துறைக்குக் குறித்த இலக்கு அதைவிடச் சிறியது: மொத்தம் 4 சதவீதம், சொந்த முயற்சியில் 1 சதவீதம் மட்டுமே. இவ்வளவு தாழ்ந்த இலக்கை எட்ட, ஏ-15இன் பொது நேரசூசியும் இரண்டு வாவித் துறைகளின் சூரியப் படகும் வெளிநாட்டு உதவிக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. நேரசூசிக்கு மாகாண நிர்வாகமும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் போக்குவரத்துச் சபையின் மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனைச் சாலைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். படகுக்கு ஒரு பிரதேச சபையும் மாவட்டச் செயலகமும் போதும். ரயில்பஸ்ஸும் சரக்கு வண்டியும் கொழும்பில் புகையிரதத் திணைக்களத்தின் கையில் இருப்பதால் அவற்றுக்கு நாடாளுமன்றக் குரல் தேவைப்படும். சைக்கிள் தடத்துக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை ஏ-15இல் அடுத்த முறை தார் போடும்போது அகலத்தைப் பகிர்ந்து கோடு வரைய வேண்டும்.